புனைபெயரும் சொந்தப் பெயரும்

1974 கோடையில் நியூயார்க்கில் 'ஹை டைம்ஸ்' முதல் இதழ் வெளிவந்தபோது, அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் ஒன்றில்கூடக் கஞ்சாவைக் கடையில் வைத்து விற்க முடியாது. ஓரிகன் மட்டும் முந்தைய ஆண்டில் சட்டத்தைச் சற்றே தளர்த்தியிருந்தது. ஓர் அவுன்சுக்குக் குறைவாக வைத்திருந்தால் அங்கே சிறை இல்லை, நூறு டாலர் வரை அபராதம். மற்ற இடங்களில் பழைய கடுமையே நீடித்தது. அந்த ஓராண்டில் நாடு முழுவதும் கஞ்சாவுக்காகக் கைதானவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். இன்று 24 மாநிலங்களில் இருபத்தொரு வயது நிரம்பிய எவரும் அதைச் சட்டப்படி வைத்திருக்கலாம், அவற்றில் பெரும்பாலானவற்றில் அடையாள அட்டையைக் காட்டிக் கடையிலேயே வாங்கிச் செல்லலாம். 1969-இல் காலப் நிறுவனம் கருத்துக்கணிப்பு நடத்தியபோது, சட்டம் இதை அனுமதிக்கலாம் என்று சொன்னவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். 2023-இல் எழுபது பேர்.

இது சட்டத்தின் கதை. இதன் ஓரத்தில் நடந்த வேறொரு கதைதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. அந்தச் செடியைச் சுற்றி வளர்ந்த பண்பாட்டையும் கலையையும் பற்றி எழுத விரும்பிய ஒரு ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் தன் யோசனையை ஓர் இதழாசிரியரிடம் அன்று எப்படிக் கொண்டுசேர்த்தார், இன்று எப்படிச் சேர்க்கிறார் என்ற கதை அது. 1985-இன் போதைப்பொருள் சட்டம் நடைமுறையில் இருக்கும் நம் நாட்டு வாசகருக்கு இப்படி ஒரு பத்திரிகை உலகம் இருப்பதே வியப்பாக இருக்கலாம். ஆனால் எழுதுகிறவரும் ஆசிரியரும் முகம் பாராமல் ஒருவரையொருவர் நம்பியாக வேண்டிய நிலை நமக்கும் பழக்கமானதுதான்.

ஹை டைம்ஸைத் தொடங்கிய தாமஸ் கிங் ஃபோர்சாட், அதற்கு முன் 'அண்டர்கிரவுண்ட் பிரஸ் சிண்டிகேட்' என்ற மாற்றுப் பத்திரிகைகளின் கூட்டமைப்பை நடத்தியவர். அதன் உறுப்பினர்களுக்குள் ஒரு பத்திரிகையின் கட்டுரையை இன்னொன்று காசு கொடுக்காமல் எடுத்து அச்சிடலாம். தாமஸ் கிங் ஃபோர்சாட் என்பதும் அவரே சூட்டிக்கொண்ட பெயர். பெற்றோர் வைத்த பெயர் கேரி குட்சன். 'பிளேபாய்' இதழைக் கேலி செய்யும் வகையில், ஒரே ஓர் இதழோடு முடித்துவிடும் எண்ணத்தில் இதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். நடுப்பக்கத்தில் பெண்ணின் படத்துக்குப் பதிலாகச் செடியின் படம் இருந்தது. முதலில் பத்தாயிரம் பிரதிகள் அச்சானதாகப் பதிவு. விற்பனை அதோடு நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அது லட்சக்கணக்கில் விற்கும் இதழாகிவிட்டது.

அந்நாளில் அமெரிக்க இதழ் ஒன்றுக்குக் கட்டுரை யோசனை அனுப்புவது தபால்காரரை நம்பிய வேலை. 'ரைட்டர்ஸ் மார்க்கெட்' என்று ஒரு தடித்த ஆண்டு மலர் உண்டு. 1921-இலிருந்து வெளிவந்தது. எந்த இதழ் என்ன கேட்கிறது, வெளியார் எழுத்துக்கு எவ்வளவு இடம் தருகிறது, சன்மானத்தை ஏற்றவுடன் தருகிறதா அச்சான பிறகா, பதில் சொல்ல எத்தனை வாரம் ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுத விரும்புகிறவர் நூலகத்தில் அதைப் புரட்டி, ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் தட்டச்சு செய்வார். முதல் பத்தி கட்டுரையின் தொடக்கமாகவே இருக்க வேண்டும். அதை வாசிக்கும்போதே ஆசிரியருக்கு மீதியையும் படிக்கத் தோன்ற வேண்டும். அடுத்த பத்தியில் யாரைச் சந்திக்கப்போகிறோம், எத்தனை சொல்லில் எழுதுவோம் என்பது. கடைசியில் தன்னைப் பற்றி இரண்டு வரி. முன்பு அச்சான கட்டுரைகளின் நகல், தபால்தலை ஒட்டிய சுயமுகவரியிட்ட உறை. தமிழ் இதழ்களுக்குக் கதை அனுப்பியவர்கள் இந்தக் கடைசி உருப்படியை மறந்திருக்க மாட்டார்கள். 1974-இல் அங்கே ஒரு கடிதத்துக்கான தபால்தலை பத்து சென்ட். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர் பதிலுக்கென்று சர்வதேசப் பதில் கூப்பனைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அமெரிக்கத் தபால் துறை 2013-இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது.

அந்த முறை மெதுவானது. ஒரே யோசனையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது மரியாதைக் குறைவு. ஆகவே ஒருவர் மறுத்த பிறகே அடுத்தவருக்குப் போகும். மூன்று ஆசிரியர்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் பருவம் மாறிவிடும். ஆனால் மறுப்பு வந்தது. நாம் ஒட்டி அனுப்பிய உறையிலேயே, சில சமயம் அச்சடித்த துண்டுச்சீட்டாக, சில சமயம் ஓரத்தில் பேனாவால் எழுதிய ஒரு வரியோடு வந்தது. அந்த ஒரு வரியை நம்பி எழுத்தைத் தொடர்ந்தவர்கள் எந்த மொழியிலும் உண்டு.

மற்ற இதழ்களுக்கு எழுதுகிறவருக்கு இல்லாத ஒரு கவலை கஞ்சா இதழுக்கு எழுதுகிறவருக்கு இருந்தது. கடிதத்தின் அடியில் எந்தப் பெயரைப் போடுவது? செடி வளர்ப்பதைப் பற்றி அனுபவத்தோடு எழுதினால், அந்த அனுபவமே ஒப்புதல் வாக்குமூலம். பெயர், முகவரி, காசோலை போக வேண்டிய வங்கிக் கணக்கு எல்லாமே சாட்சியாகும். எனவே இத்துறையின் முக்கியமான எழுத்தில் பெரும்பங்கு புனைபெயரில் வந்தது. வளர்ப்பு நூல்களில் இன்றும் மதிக்கப்படும் மெல் ஃபிராங்க் என்பது புனைபெயர். ஹோர்ஹே செர்வான்டெஸ் என்ற பெயரில் ஹை டைம்ஸில் ஆண்டுக்கணக்கில் கேள்வி-பதில் எழுதியவர் ஜார்ஜ் வான் பேட்டன். அவர் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. பொது இடங்களில் சடைமுடித் தலையணியோடு தோன்றினார். அந்த வேஷத்தைக் கலைத்துச் சொந்த முகத்தோடு வெளியே வர அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அந்தப் பயம் வீண் பயமல்ல. 1989 அக்டோபரில் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறை 'கிரீன் மெர்ச்சன்ட்' என்ற நடவடிக்கையில் 46 மாநிலங்களில் சோதனை நடத்தியது. குறி வைக்கப்பட்டவை, மண்ணில்லாச் சாகுபடிக்கான விளக்குகளும் உரமும் விற்ற கடைகள். அக்கடைகளைக் கண்டுபிடிக்க அதிகாரிகளுக்கு வழிகாட்டியவை ஹை டைம்ஸிலும் ஓரிகனிலிருந்து வந்த 'சின்செமியா டிப்ஸ்' இதழிலும் வெளியான விளம்பரங்களே. விளம்பரதாரர்கள் விலகினார்கள். சின்செமியா டிப்ஸ் அடுத்த ஆண்டே நின்றுபோனது. ஒரு விளம்பரம் கொடுத்தவர் கதி இதுவானால், கட்டுரை எழுதியவர் பெயரை மறைத்ததில் ஆச்சரியம் என்ன? கனடாவில் நிலைமை இன்னும் கடுமை. 1980-களின் இறுதியில் வந்த ஒரு சட்டப்பிரிவு இத்தகைய இதழ்களை விற்பதையே குற்றமாக்கியது. 1994-இல்தான் ஒன்டாரியோ நீதிமன்றம் அது பேச்சுரிமைக்கு முரண் என்று தள்ளியது.

இத்தனை மறைவுக்கு நடுவில் பக்கங்கள் தாராளமாக இருந்தன என்பதுதான் அந்தக் காலத்தின் விசித்திரம். ஹை டைம்ஸில் வில்லியம் பரோஸ் எழுதினார், சார்லஸ் புகோவ்ஸ்கி எழுதினார். பாப் மார்லி 1976-இல் அட்டையில் இருந்தார். 'டிரான்ஸ்-ஹை மார்க்கெட் கொட்டேஷன்ஸ்' என்று ஒரு பகுதி. எந்த ஊரில் என்ன ரகம் என்ன விலை என்று பங்குச்சந்தைப் பட்டியல் போல அச்சிடுவார்கள். யார் அனுப்பியது என்று வெளியில் தெரியாது. வேறெந்த இதழும் தொடாத பொருளை, வேறெங்கும் அறிமுகமில்லாத ஒருவர் எழுதி அனுப்பினால், எழுத்தில் உயிர் இருக்கிறதா என்பதே பெரும்பாலும் கேள்வியாக இருந்தது. அதே நேரம், பிளேபாயைக் கேலி செய்யத் தொடங்கிய இதழ் பிளேபாயின் பார்வையிலிருந்து முழுதாக விலகிவிடவில்லை. பல பக்கங்களில் ஆண்கள் ஆண்களுக்காகவே எழுதினார்கள். கைதானவர்களில் கறுப்பின மக்களின் பங்கு அவர்கள் தொகைக்கு மிஞ்சியிருந்தது, அவர்கள் எழுத்துக்குக் கிடைத்த இடம் அப்படி மிஞ்சவில்லை. அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் இதைச் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மாற்றம் படிப்படியாக வந்தது. 1995 பிப்ரவரியில் மைக்கேல் போலன், ஆம்ஸ்டர்டாமில் ஹை டைம்ஸ் நடத்திய கஞ்சாப் போட்டிக்குப் போய்ப் பார்த்து, நியூயார்க் டைம்ஸின் வார இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். மறு ஆண்டு கலிஃபோர்னியா மருத்துவப் பயன்பாட்டை அனுமதித்தது. 2012-இல் கொலராடோவும் வாஷிங்டனும் மருத்துவம் சாராத பயன்பாட்டையும் அனுமதிக்க வாக்களித்தன. 2013 இறுதியில் டென்வர் போஸ்ட் நாளிதழ் கஞ்சாவுக்கென்றே ஓர் ஆசிரியரை நியமித்து 'தி கன்னபிஸ்ட்' பகுதியைத் தொடங்கியது. ஒதுக்கப்பட்டிருந்த பொருளுக்கு நாளிதழில் மேசையும் நாற்காலியும் கிடைத்தன. 2018-க்குள் அந்தப் பகுதிக்கு ஆட்கள் இல்லாமல் போயினர்.

2017-இல் போர்ட்லண்டில் அன்யா ஷார்போனோ 'பிராக்கலி' இதழைத் தொடங்கினார். 'கின்ஃபோக்' இதழின் கலை வடிவமைப்பைக் கவனித்தவர் அவர். பெண்கள் உருவாக்கி, பெண்களுக்காக வரும் கஞ்சா இதழ் என்று அதை அறிமுகப்படுத்தினார். முதல் இதழின் அட்டையில் ஜப்பானிய இகெபானா முறையில் அழகாகச் செருகிய கஞ்சாக் கிளை. நியூயார்க்கிலிருந்து 'காசமர்' என்ற இதழும் அடுத்து வந்தது. பழைய நடுப்பக்கத்தையும் இந்த அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாற்பது ஆண்டுகளில் நடந்தது புரியும். அங்கே செடி வெற்றிக் கோப்பை. இங்கே வீட்டு மேசையில் இருக்கும் பூங்கொத்து.

இத்தகைய இதழுக்கு இன்று அனுப்பும் யோசனையின் உள்ளடக்கமும் மாறிவிட்டது. எந்த ரகம் எப்படி இருக்கிறது என்ற மதிப்புரையைக் கடைகளும் இணைய தளங்களுமே குவித்துவிடுகின்றன. கலைப் பண்பாட்டு இதழின் ஆசிரியர் செடியைப் பக்கவாட்டில் பார்க்கும் கதையைக் கேட்கிறார். பழைய மருந்துப் புட்டிகளின் சித்திரத்தாள், சணல் துணி நெய்கிறவர், வாசனைத் தைலம் கலப்பவர், தண்டனை முடிந்து வந்து உரிமத்துக்குக் காத்திருக்கும் ஒருவரின் சமையலறை. கஞ்சா என்பது பொருள்தான், அதற்குள் ஒரு மனிதரும் ஒரு சிக்கலும் இருந்தால்தான் அது கதை. இந்த வேறுபாட்டை ஆசிரியர்கள் இப்போது பொதுவில் எழுதி வைக்கிறார்கள். பழைய இதழைப் படித்துவிட்டு எழுதுங்கள், இரண்டு மூன்று பத்தி போதும், இது ஏன் இப்போது, இதை ஏன் நீங்கள் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். அன்று நூலகத்துத் தடித்த புத்தகத்தில் நாலு வரியில் இருந்த தகவல் இன்று யாருக்கும் திறந்திருக்கிறது. மதுரையிலிருந்தோ ஜமைக்காவின் மொன்டேகோ பேயிலிருந்தோ ஒருவர் உறையும் கூப்பனும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடலாம். பெண்களும், குடியேறிகளின் பிள்ளைகளும், வீட்டில் ஒருவரைச் சிறைக்கு அனுப்பியவர்களும் சொந்தப் பெயரில், புகைப்படத்தோடு எழுதுகிறார்கள். இந்த ஆதாயத்தை நான் குறைத்து மதிக்கவே மாட்டேன்.

அதற்குக் கொடுத்த விலையும் கண்ணுக்குத் தெரிகிறது. அனுப்புவது எளிதானதால் எல்லோரும் அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று பேர் நடத்தும் இதழின் அஞ்சல் பெட்டி நிரம்பி வழிகிறது. பதில் வராவிட்டால் வேண்டாம் என்று பொருள் கொள்ளுங்கள் என்று வழிகாட்டுதலிலேயே எழுதிவிடுகிறார்கள். ஒரே யோசனையைப் பல இடங்களுக்கு அனுப்புவது இப்போது குற்றமில்லை, ஏனென்றால் பெரும்பாலான இடங்களிலிருந்து மௌனமே வரும். அச்சடித்த மறுப்புச் சீட்டைக் குறை சொன்ன தலைமுறைக்கு இந்த மௌனம் எவ்வளவு கனமானது என்று விளங்கும்.

சன்மானத்தில்தான் அன்றும் இன்றும் வேதனையான அளவுக்கு ஒன்றாக இருக்கின்றன. 1980-களிலேயே அமெரிக்காவின் நல்ல இதழ்கள் சொல்லுக்கு ஒரு டாலர் கொடுத்தன. இன்றும் சொல்லுக்கு ஒரு டாலர் நல்ல சன்மானம் என்றே பேசப்படுகிறது, சிறு இதழ்கள் அதிலும் குறைவாகத்தான் தருகின்றன. 1985-இல் ஒரு டாலருக்குக் கிடைத்ததை வாங்க இன்று ஏறக்குறைய மூன்று டாலர் வேண்டும். வாழ்க்கைக்குப் பணம் தேவைப்படுகிற எழுத்தாளர் பகலில் கஞ்சா நிறுவனங்களுக்குப் பொருள் விவரணை எழுதுகிறார், இரவில் தனக்குப் பிடித்த கட்டுரையை எழுதுகிறார். பல சமயம் பகல் வேலையில் பெயர் போடுவதில்லை. சட்டத்துக்குப் பயந்து பெயரை மறைத்த காலம் போய், சம்பளத்துக்காகப் பெயரில்லாமல் எழுதும் காலம் வந்திருக்கிறது.

சட்டம் எழுத்தாளர் பக்கம் சற்று நகர்ந்திருப்பதும் உண்மை. 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நியூயார்க் டைம்ஸுக்கு எதிராக டசினி என்ற ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் தொடுத்த வழக்கில், அச்சுக்கென்று விற்ற கட்டுரையை மின்னணுத் தரவுத்தளத்தில் போடத் தனி அனுமதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பதிப்பாளர்கள் அதைக் கேட்டுத் திருந்துவதை விட, எல்லா உரிமையையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்களைத் தயாரிப்பதையே அதிகம் செய்தார்கள். 2017 மே மாதம் முதல் நியூயார்க் நகரில் 800 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். நாள் குறிக்கப்படாவிட்டால் வேலை முடிந்த முப்பது நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவிலும் 2025 ஜனவரியில் இதே போன்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. புனைபெயரில் எழுதிய அந்நாளைய ஒருவர் காசோலை வராவிட்டால் யாரிடம் போய்ப் புகார் செய்திருப்பார்?

ஆனால் உரிமையைத் தரும் சட்டம், பணத்தைத் தரும் இதழைக் காப்பாற்றுவதில்லை. மாநிலங்கள் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்தில் கஞ்சா 1970-இலிருந்து தடைப் பட்டியலில்தான் இருக்கிறது. 2015-இல் போர்ட்லண்ட் பகுதித் தபால் அலுவலகம், கஞ்சா விளம்பரம் உள்ள பத்திரிகைகளை அஞ்சலில் அனுப்புவது மத்தியச் சட்டப்படி கூடாது என்று அறிவித்தது. அதே நகரில் இரண்டு ஆண்டு கழித்துத் தொடங்கிய பிராக்கலி, கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் இதழாக வந்தது. வீட்டுக்கு வேண்டும் என்பவர் அஞ்சல் செலவைக் கொடுத்தார். பின்னர் அந்தப் பதிப்பகம் காளான், பூனை, நத்தை பற்றியும் இதழ்களும் நூல்களும் வெளியிட்டது. கஞ்சாவை மட்டும் நம்பி ஒரு கலை இதழ் நிற்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம் என்றே நினைக்கிறேன்.

ஹை டைம்ஸ் கதை இன்னும் வருத்தமானது. 2017-இல் அதை 7 கோடி டாலர் மதிப்பில் முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். வாசகர்களுக்கே பங்கு 11 டாலர் வீதம் விற்றார்கள். அந்தப் பங்கு சந்தைக்கு வரவேயில்லை. 2024-இல் நிறுவனம் கடனுக்காகப் பொறுப்பாளர் கைக்குப் போனது. 2025-இல் 'ரா' என்ற சுருட்டும் தாள் நிறுவனத்தின் நிறுவனர் ஜாஷ் கெசல்மன் 35 லட்சம் டாலருக்கு அதை வாங்கினார். எட்டு ஆண்டில் இருபதில் ஒரு பங்கு விலை. சுருட்டும் தாள் விற்றவர்கள் விளம்பரம் கொடுத்துத் தாங்கிய இதழை, சுருட்டும் தாள் விற்பவரே மீட்டிருக்கிறார். செடி குற்றமாக இருந்த நாற்பது ஆண்டு தாக்குப்பிடித்த பத்திரிகை, அது வியாபாரமான பத்தாண்டில் உடைந்தது.

இப்போது பெயர் பற்றிய கவலை வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் 'வயர்ட்', 'பிசினஸ் இன்சைடர்' இரண்டும் ஒரு ஃப்ரீலான்சர் பெயரில் தாங்கள் வெளியிட்ட கட்டுரைகளை நீக்கின. அவற்றைச் செயற்கை நுண்ணறிவு எழுதியிருக்கலாம் என்ற சந்தேகமே காரணம். அதே பெயரில் இன்னோர் ஆசிரியருக்கு வந்த யோசனை, கொலராடோவில் கைவிடப்பட்ட ஒரு சுரங்க ஊர் மரண விசாரணைப் பயிற்சிக் களமாக மாறியிருப்பதைப் பற்றியது. ஊரின் பெயர் கிரேவ்மான்ட். வாசிக்கத் தூண்டும் முதல் பத்தி, சரியான நீளம், ஏன் இப்போது என்ற விளக்கம் எல்லாம் இருந்தன. அந்த ஊர் மட்டும் இல்லை. ஆசிரியர் தேடிப் பார்த்ததால் அகப்பட்டது.

செர்வான்டெஸ் என்ற பொய்ப் பெயருக்குப் பின்னால், இலை ஏன் மஞ்சளாகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய ஒரு மனிதர் இருந்தார். ஆசிரியருக்கு அவர் யாரென்று தெரியும், போலீசுக்குத்தான் தெரியாது. இன்று ஒழுங்கான பெயரும் ஒழுங்கான கடிதமும் வந்தாலும் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று ஆசிரியர் சோதிக்க வேண்டியிருக்கிறது. பேட்டி கொடுத்தவரின் தொலைபேசி எண்ணைக் கேட்கிறார், ஒலிப்பதிவைக் கேட்கிறார், எழுதியவரையே திரையில் வந்து பேசச் சொல்கிறார். ஏற்கெனவே அறிமுகமானவருக்கு இது ஐந்து நிமிட வேலை. முன்பு எதுவும் அச்சாகாத, யாரையும் தெரியாத, முதல் யோசனையை அனுப்பும் ஒருவருக்கு இது இன்னொரு பூட்டு. வேலை மிகுந்த ஆசிரியர் அவருடைய கடிதத்தைச் சோதித்துக்கொண்டிராமல், தெரிந்த ஒருவருக்கே அந்தப் பக்கங்களைக் கொடுத்துவிடுகிறார்.